பால் லாரிக்காரர் கொடுத்த வாக்கு

சவப்பெட்டிக்கு முன்னால் நின்று மாரெனின் கையைக் குலுக்கிய டுவேன் ஸ்டூபர், ஆறுதல் சொல்வதற்குப் பதிலாகத் தன் வலது கையைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டினார். தோள் உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போக மாட்டேங்குது பாரு. எம்பொண்ணு லீவுக்கு வரட்டும், சரி பண்ணிடுவான்னு உங்கப்பா சொன்னாரு. மார்ச் மாசத்துலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்."

மாரென் பெட்டிக்குள் பார்த்தாள். அவள் அப்பா ஆர்லின் ட்வைட், கல்யாணங்களுக்கு மட்டும் போடும் நீலக் கோட்டில், ஏதோ குறும்பு செய்துவிட்டுத் தூங்குவதுபோல் நடிக்கிறவர் மாதிரி படுத்திருந்தார்.

"ரொம்ப இழுத்துடாதடி," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா லோயிஸ். "அந்தக் கை வெச்சுத்தான் அவரு நமக்கு வருஷா வருஷம் சீஸ் தர்றாரு."

டுவேன் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். தேவாலயத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் டுவேனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. பெட்டியைப் பார்த்து, "நல்ல மனுஷன்," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்து வந்த பெர்னிஸ் கோல்பு, "எனக்குக் கழுத்து," என்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவருக்கு இடுப்பு. அதற்கும் பின்னால் வந்த இரட்டையர்களுக்கு ஆளுக்கு ஒரு முழங்கால்.

மாரெனுக்கு இப்போது புரிந்தது. அப்பா பால் லாரி ஓட்டியவர். வட்டாரத்தில் மாடு வைத்திருந்த எல்லாப் பண்ணைகளுக்கும் போய்ப் பால் எடுத்து வருவது அவர் வேலை. போன இடத்திலெல்லாம் பாலை எடுத்துக்கொண்டு வாக்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"எத்தனை பேருக்குடி சொல்லி வெச்சிருக்காரு?" என்று அண்ணன் லார்ஸ் அவள் காதில் கேட்டான்.

"மாட்டுக்கும் சொன்னாரோ என்னவோ."

"வரிசைல கடைசியா ஒண்ணு நிக்குது. நல்லாப் பாரு."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்பாவின் அடக்கத்தன்று சிரிப்பு வருகிறதே என்று உடனே கூச்சமாகவும் இருந்தது.

எல்லாம் அவளுடைய முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கியது. தெற்கே மிசூரியில், மருத்துவத்தோடு தசையையும் எலும்பையும் கையால் சரிசெய்யவும் சொல்லித்தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. லாரிக் கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சமையலறை மேஜையில் அவரைப் படுக்க வைத்து, வகுப்பில் சொல்லித் தந்தபடி தசைகளைத் தொட்டுப் பார்த்து, மெதுவாக அழுத்தி விட்டாள். மறுநாள் காலை அப்பா ஆந்தை மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தார்.

"அப்பா, இது படிப்புல ஒரு பகுதிதான். மத்தபடி அலோபதி காலேஜ்ல படிக்கிற அதே மருந்து, அதே ஆபரேஷன், எல்லாத்தையும்தான் நாங்களும் படிக்கிறோம்."

"சரி, அதெல்லாம் உண்டு. அதோட இதுவும் உண்டுல்ல?"

"உண்டு."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவரிடம்தான் சொல்லவில்லை. முதலில் அவள் விண்ணப்பித்ததெல்லாம் அலோபதிக் கல்லூரிகளுக்குத்தான். ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்டியோபதி எடுத்துக்கொண்டது. டாக்டர்களைப் பார்க்கும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சட்டையில் குத்திய அட்டையைப் பார்ப்பது அவள் பழக்கமாகிவிட்டது. பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று இருக்கிறதா, தான் வாங்கப்போகும் டி.ஓ. என்று இருக்கிறதா? இரண்டு பேரும் ஒரே வார்டில் ஒரே வேலையைச் செய்கிறவர்கள்தான். இருந்தாலும் பார்ப்பாள்.

ஒரு வகைக் கல்லூரியிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவது பெரும்பாலும் நடக்காத காரியம். இடம் இருக்காது, இருந்தாலும் வலுவான குடும்பக் காரணம் கேட்பார்கள். இரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவளுக்கு அந்தக் காரணம் கிடைத்தது. சொந்த மாநிலத்து அலோபதிக் கல்லூரிக்கு எழுதினாள். ஓர் இடம் காலியாக இருந்தது. படித்த இரண்டாம் ஆண்டையே மறுபடி படிக்க வேண்டும், ஆனால் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். போன வாரம் கடிதம் வந்தது. இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அவர்கள் போன் செய்து முடிவு கேட்பார்கள்.

அப்பா மூன்று நாட்களுக்கு முன்னால், விடியற்காலையில், வழக்கமாக லாரியைக் கிளப்பும் நேரத்தில் இறந்தார்.

இனி அந்த இடத்தை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? விட்டுவிட்டால் அப்படி ஒன்று மறுபடி வருமா? இந்த இரண்டு கேள்விகளும் மூன்று நாட்களாக மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

*

புதைத்துவிட்டு வந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை சாண்ட்விச், சீஸ் உருக்கிய உருளைக்கிழங்கு, பெரிய பாத்திரத்தில் காபி, நீள மேஜை முழுக்கக் கேக்குகள். பெண்கள் குழுவின் தலைவி ஈனஸ் குரோன் மரக்கரண்டியோடு எல்லாவற்றையும் ஆண்டுகொண்டிருந்தாள்.

மாரென் தட்டை எடுக்கப் போனாள். டுவேன் குறுக்கே வந்து நின்றார். கோட்டைக் கழற்றியிருந்தார்.

"மாமா, நான் இன்னும் டாக்டர் இல்ல. நான் செய்யக் கூடாது."

"யாரு டாக்டர்னு சொன்னா? நீ ஆர்லின் பொண்ணு. தொட்டுப் பாரு, போதும்."

"கேக் மேஜைல ஒண்ணைக் காலி பண்ணித் தர்றேன்," என்றாள் ஈனஸ். "ஆனா முதல்ல எனக்கு. எட்டு மணிலேருந்து நின்னுக்கிட்டிருக்கேன்."

"வரிசைல வாங்க, ஈனஸ்!" என்று இரட்டையர்களில் ஒருவர் கத்தினார்.

"உனக்கு இன்னைக்குக் கேக் கிடையாது, போ."

கோட்டு மாட்டும் அறையில் மேஜையைப் போட்டு, மேலே இரண்டு போர்வைகளை விரித்தார்கள். லார்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடுத்தவங்க! செருப்பைக் கழட்டிட்டு வாங்க! அழறதா இருந்தா வெளியிலேயே அழுதுட்டு வாங்க!" என்று கூவினான்.

மாரென் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டாள். எப்போதிலிருந்து? விழுந்தீர்களா? கை கால் மரத்துப் போகிறதா? ராத்திரி வலி எழுப்புகிறதா? ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று சிலரிடம் இரண்டாம் முறையும் கேட்டாள். விரல் மரத்துப்போகிறது என்று சொன்ன ஒருவரை அவள் தொடவே இல்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போவதாக மனைவி முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாள். மற்றவர்களுக்கு மெதுவாக, வலிக்காத அளவுக்கு மட்டும்.

டுவேனின் தோளில்தான் அது நடந்தது. இத்தனை நாள் வகுப்பில் ஆசிரியர், "தசை இளகுது, உணர முடியுதா?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் தலையாட்டியிருக்கிறாள். உண்மையில் உணர்ந்தாளா, உணர்ந்ததாக நினைத்துக்கொண்டாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இப்போது தோள்பட்டை எலும்பின் ஓரத்தில், அவள் விரலுக்கு அடியில், இறுகிக் கிடந்த ஒன்று குளிர்ந்த வெண்ணெய் வெயிலில் இளகுவதுபோல் விட்டுக்கொடுத்தது. அவள் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை. பார்க்க அங்கே யாரும் இல்லை.

டுவேன் எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினார். கை காதைத் தாண்டி மேலே போகவில்லை. ஆனால் காது வரைக்கும் போனது.

"அட!" என்றார். அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு, போலீசிடம் சரணடைபவர் மாதிரி சாப்பாட்டுக் கூடத்துக்குள் நடந்து போனார். உள்ளே பெரிய ஆரவாரம் கேட்டது.

"நாளைக்கே திரும்பப் பிடிச்சுக்கலாம்," என்று மாரென் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். "தினமும் சுவத்துல விரலை ஏத்தி ஏத்திப் பழகணும்!"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

இடையில் அத்தை ஜெனட் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அப்பாவின் தங்கை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சு. கடிதம் வந்தது அவளுக்கும் லார்ஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஆட்டம் போட்டது போதும். மணி என்னன்னு தெரியுதா?"

"தெரியும் அத்தை."

"எங்க ஆஸ்பத்திரில ரெண்டு விதமான டாக்டரும் இருக்காங்க. நல்லவங்களும் இருக்காங்க, தண்டமும் இருக்காங்க. அதுல வித்தியாசமே இல்ல. ஆனா மூளை ஆபரேஷன், தோல், அந்த மாதிரி போட்டி இருக்கிற பிரிவுக்கு இடம் கேக்கறப்ப, அந்த ரெண்டு எழுத்தைப் பார்க்கிறவங்க இன்னும் இருக்காங்க. நாளைக்கு உனக்கு எதுல ஆசை வரும்னு உனக்கே தெரியாது. கதவைத் திறந்து வெச்சுக்க."

"அப்பாவைக் காரணம் காட்டித்தானே கேட்டேன்? அவரு இப்ப இல்லையே."

"லோயிஸ் இருக்கால்ல? அவளைச் சொல்லு. பொய் ஒண்ணும் இல்லையே."

பொய் இல்லைதான். அத்தை போகத் திரும்பினாள், கதவருகே நின்றாள்.

"அண்ணனைக் கடைசி வாரம் வந்து பார்த்துக்கிட்டாங்களே, அந்தக் குட்டை முடி டாக்டரம்மா. அவங்க ரெண்டுல எது?"

மாரென் யோசித்தாள். அந்த டாக்டர் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய பாதங்களைப் போர்வைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டே மருந்தைக் கூட்டுவதைப் பற்றி விளக்கியது நினைவுக்கு வந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது. நீலக் கயிறு.

"பார்க்கல," என்றாள். தனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அத்தை அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். "எதுக்கும் முதல்ல சாப்பிடு. முகம் வெளுத்திருக்கு."

*

கூட்டம் கரைந்தது. கடைசியாக உள்ளே வந்தது அம்மா.

"எனக்கு ஒண்ணும் வலியில்ல," என்றாள் லோயிஸ். "எல்லாரும் வந்துட்டுப் போறாங்களே, நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?"

"படும்மா."

"வலியில்லாதவங்களுக்கும் உண்டா?"

"உண்டு."

அம்மா மல்லாந்து படுத்தாள். மாரென் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவள் தலைக்கு அடியில் கொடுத்து, மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்தில் விரல் நுனிகளை வைத்தாள். அழுத்துவதில்லை. தலையின் கனமே விரல்மேல் இறங்கட்டும் என்று விட்டுவிடுவது.

"கைய எடுத்துடாத," என்றாள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு.

"எடுக்கல."

"உங்கப்பா அறையை வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். நல்ல உயரமா, சமைக்கத் தெரிஞ்ச ஆளா பார்த்து."

"அம்மா!"

"சமைக்கத் தெரிஞ்சா போதும். உயரம் கூட வேணாம்." கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தாள். "நீ எனக்குக் காவலுக்கு வந்து உக்காந்துக்கலாம்னு பார்க்கிறியா? ஜெனட் மூஞ்சில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு. எனக்காக வராத. உனக்காக வந்தா வா."

மாரென் பேச வாயெடுப்பதற்குள் அம்மாவின் தாடை தளர்ந்தது. மூச்சு நீண்டது. தலை கனத்தது. பல வாரங்களாக ராத்திரி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டே கிடந்தவள் இப்போது ஆழ்ந்து தூங்கினாள். ஒரு சின்னக் குறட்டையும் வந்தது.

லார்ஸ் கேக் தட்டோடு எட்டிப் பார்த்தான். மாரென் கண்ணாலேயே, சத்தம் போடாதே என்றாள். அப்போது அவள் பாவாடைப் பையில் போன் அதிர்ந்தது.

அவள் கையைப் பார்த்தாள். லார்ஸ் புரிந்துகொண்டான். தட்டை வைத்துவிட்டு, குனிந்து பையிலிருந்து போனை எடுத்து, அவள் காதில் வைத்துப் பிடித்தான்.

"மாரென் ட்வைட்டா? சேர்க்கை அலுவலகத்துலேருந்து பேசறேன்," என்றது ஒரு பெண் குரல்.

"ஆமாங்க," என்று கிசுகிசுத்தாள்.

"கொஞ்சம் சத்தமாப் பேசறீங்களா? சரியாக் கேக்கல."

"பேச முடியாதுங்க. எங்கம்மா என் கைமேல தூங்கறாங்க."

எதிர்முனையில் அந்தப் பெண்ணும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரிம்மா. நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"எங்கப்பா இறந்துட்டாங்க. இன்னைக்குத்தான் அடக்கம். நான் உங்ககிட்ட சொன்ன காரணம் இப்ப இல்ல."

"ஐயோ. ரொம்ப வருத்தமா இருக்கும்மா." காகிதம் புரளும் ஒலி கேட்டது. "ஆனா அதனால இடம் போயிடாது. உங்களுக்குன்னு கொடுத்தது உங்களுக்குத்தான். வேணும்னா ரெண்டு நாள் எடுத்துக்குங்க. நான் பேசி வெக்கிறேன்."

லார்ஸ் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தான். அவனுக்கும் குரல் கேட்டது. வெளியே டுவேன் யாரிடமோ மறுபடியும் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், "போதும் இறக்குய்யா!" என்று ஈனஸ் கத்தினாள். பல பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

அம்மாவின் கழுத்தில் இடப்பக்கம் இன்னும் இளகவில்லை. மாரென் அந்தப் பக்கத்து விரல்களை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"ரெண்டு நாள் வேணாங்க," என்றாள். "யாராவது காத்துக்கிட்டிருப்பாங்க, அவங்களுக்குக் கொடுத்துடுங்க. நான் சேர்ந்த இடத்துலேயே படிச்சு முடிக்கிறேன்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"எப்பவுமே நான் ரொம்ப யோசிக்கிற ஆளுங்க," என்றாள் மாரென். "இதை யோசிக்கல."

அந்தப் பெண் மெல்லச் சிரித்தாள். நன்றாக இருங்கள் என்றாள். லார்ஸ் போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். தட்டை எடுத்து, ஒரு துண்டுச் செர்ரி கேக்கை முள்கரண்டியால் வெட்டினான்.

"வாயத் தொற."

"வேணாம்டா."

"காலைலேருந்து ஒண்ணும் தின்னல. தொற."

அவள் வாயைத் திறந்தாள். கேக் நன்றாக இருந்தது. இரண்டாவது வாய்க்குக் கரண்டி அவசரப்பட்டுவிட்டது. துகள்கள் அம்மாவின் நரைத்த முடியில் உதிர்ந்தன. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அம்மா அசையவில்லை.

லார்ஸ் குனிந்து, ஒரு விரலை எச்சிலில் நனைத்து, துகள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துத் தின்றான்.