கேட்டு வாங்கிய முன் சீட்டு

"முன் சீட்ல உக்கார மாட்டேன்" என்று அருள்மொழி என் சேலையைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் ஏறாமல் நின்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. கரையான்சாவடி மெயின் ரோட்டில் காலை நெரிசல். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

அந்த முன் சீட்டை நான்தான் கேட்டு வாங்கினேன். வேன் ஓட்டுகிற அழகேசன் என் புருஷன் லோகேஷுக்குப் பெரியப்பா மகன். சொந்தக்காரர் வேனில் நம் பிள்ளை பின்னால் நசுங்கிக்கொண்டு போவதா என்று அப்படியொரு பெருமை எனக்கு. மற்ற அம்மாக்கள் பார்க்கும்போது மனசு குளிர்ந்துதான் போனது.

நேற்று பள்ளிக்கூடத்தில் பொம்மையை வைத்து நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "கியர் போடும்போது பெரியப்பா கை ஏம்மா என் மேல வருது? வேணாம்னு சொன்னாலும் வருது. மிஸ் அது தப்புன்னாங்க."

லோகேஷிடம் சொன்னால், "இன்னாடி பேசுற? வண்டின்னா கை படத்தான் படும். நாளைக்கி சொந்தத்துல எவன் மூஞ்சில முழிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார். அதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். ஆனாலும் அவர் பேச்சுக்குப் பயந்து காலையில் வேனுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

"இன்னா ராஜி, அடம் புடிக்குதா? நம்ம ஊட்டுப் பொண்ணு, நான் பாத்துக்க மாட்டேனா?" அழகேசன் சிரித்தார்.

"காச்சலு மாமா. இன்னிக்கி லீவு" என்றேன். வாய் அப்படித்தான் வந்தது. பாழாய்ப்போன மரியாதை.

"சரி சரி" என்றவர் பின்பக்கம் திரும்பி, "பாப்பா, நீ முன்னாடி வா" என்றார். பின்தெரு சுதாவின் மகள், எல்.கே.ஜி., குஷியாக முன்னால் ஏறி வந்து உட்கார்ந்தது.

என் பிள்ளை தப்பித்தாள், அப்பாடா என்றிருந்தது. நாசமாய்ப் போக அந்த அப்பாடா! சுதா மட்டும் பெறவில்லையா? வேன் உறுமியது. அருள்மொழியை ரோட்டோரப் பூக்காரம்மா பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றேன்.

"வண்டிய ஆஃப் பண்ணு!"

"மாமா" வரவில்லை. "பண்ணுங்க"வும் வரவில்லை.

"இன்னாமா, லூசா நீ? டைம் ஆவுதுல்ல?"

"அந்தக் கொழந்தய கீழ எறக்கு. அப்பால பேசலாம்."

"யம்மா, ஓரமா போய் சண்ட போடும்மா!" பஸ்காரன் கத்தினான். அழகேசன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. மிஸ் நம்பரைத் தேடி அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேன் ஓரடி முன்னால் நகர்ந்து என் முட்டியைத் தொட்டது. நான் நகரவில்லை.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.