எட்டு வாக்குகள் உள்ள ஊருக்கு என்ன நிறம்?

1

இந்தக் கதை ஓர் இளநீலத் திட்டிலிருந்து பிறந்தது. நியுவே என்ற குட்டிப் பசிபிக் தீவில் எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. செய்திக்கு வரைபடம் போடும் ஒருத்தி ஒருநாள், "ஊரு சின்னதா இருந்தா படம் வாயாடி ஆயிடும்" என்றாள். அது மட்டும்தான் உண்மை. வாக்கெடுப்பு, ஊர், மாமா எல்லாம் நான் கட்டியவை.

முதல் வரிக்கு இரண்டு முறை முயன்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கடல் பளிங்குபோல் (சுற்றுலா விளம்பரம். அடித்துவிட்டேன்.)

மக்களாட்சி என்பது அடிப்படையில் (நீங்களே பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.)

ஆகவே நேராக லிங்கியிடம் போவோம்.

2

லிங்கி தீவின் வாரப் பத்திரிகையில் செய்திகளுக்கு வரைபடம் போடுகிறவள். தேவாலயத்துக்கான ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை படகெடுத்து மீன்பிடிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்திருந்தது. 'பிடிக்கலாம்' என்றவர்களின் பங்கு கூடக்கூட அந்த ஊரின் நீலம் அடர்ந்துகொண்டே போகும். ஒருவருமே சொல்லாத ஊர் வெள்ளை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, கவனியுங்கள். நானூறு பேரில் ஐம்பது பேர் சொன்னாலும், எட்டுப் பேரில் ஒருவர் சொன்னாலும் பங்கு ஒன்றுதான். நிறமும் ஒன்றுதான்: இளநீலம்.* பெரிய ஊரில் அது செய்தி. சின்ன ஊரில் சுட்டுவிரல்.

(* ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டக் கூடாது என்பது இத்தொழிலில் பலர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. லிங்கிக்கும் தெரியும். படம் அழகாக வந்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டாள்.)

3

அந்த எட்டுப் பேர் ஊர் அவளுடைய தாய்மாமன் டோங்கியாவின் ஊர். அவர் அங்கே தேவாலயச் சபையின் மூப்பர். அச்சுக்கு முந்தைய மாதிரிப் பக்கத்தைப் பார்த்தவர், மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எட்டு பேர்கிட்டயும் கேட்டுட்டேன். மீன்பிடிக்கக் கூடாதுன்னுதான் போட்டோம்னு எல்லாரும் சத்தியம் பண்றாங்க."

"உங்களையும் சேர்த்தா மாமா?"

"என்னைத்தான் மொதல்ல கேட்டேன். ஒண்ணு உன் படம் பொய் சொல்லுது, இல்ல எங்கள்ல ஒருத்தர் சொல்றாங்க. படம்தான்னு வச்சுக்குவோமே."

வெள்ளை அடிக்கச் சொன்னார். அது பொய்யாகிவிடும் என்று அவள் மறுத்தாள். பக்கத்து ஊரோடு சேர்த்து ஒரே நிறம் கொடுத்தால் யாரென்று தெரியாது என்றாள். மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பக்கத்து ஊரில் பாதிப் பேர் 'பிடிக்கலாம்' என்றிருந்தார்கள்.

"ஒருத்தர் செஞ்ச பாவத்துக்கு ஊரையே கருநீலத்துல முக்குறியா மருமகளே?"

கடைசி வழி சாம்பல் நிறம். 'விவரம் இல்லை' என்று பொருள். அதைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. நியூசிலாந்துக்குப் போய் ஆக்லாந்தில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், ஊரில் ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள், அப்புறம் எந்த வீட்டைத் தேடி வருவார்கள் என்றார்.

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"லிங்கி, சீட்டுல போட்ட டிக்கை வச்சு, யாரு கைன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது மாமா."

"சும்மாதான் கேட்டேன்."

4

முடிவுகள்.

அ) மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்குக் கடல் அவ்வளவு (வேண்டாம்.)

ஆ) போட்டது அத்தை. மாமாவுக்குத் தெரியும், அதனால்தான் (இதுவும் வேண்டாம்.)

இப்போதுதான் என் தப்பு எனக்கே தெரிகிறது. எட்டு வாக்காளர்களில் ஒருவருக்குத்தான் பெயர் வைத்தேன். நான் வாயைத் திறந்தாலும் சந்தேகம் அவர்மேல், மூடினாலும் அவர்மேல். லிங்கியின் படத்தைவிட என் கதை பெரிய வாயாடி.

அச்சுக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது. லிங்கி கையைக் கட்டிக்கொண்டு உங்களைப் பார்க்கிறாள். இளநீலம், கருநீலம், சாம்பல்: எதை வேண்டுமானாலும் தொடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், வருகிற ஞாயிறு அந்த எட்டுப் பேரும் ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பிரசங்கம் மாமாதான்.