இடது பொத்தானில் ஒரு மரத்துண்டு

கையைக் காட்டுவதுதான் இப்போது அவளுக்கு உத்தியோகம். பாத்திர மூடி அடிக்கும் பட்டறைக்குப் புதிதாக ஆள் வந்தால் முதலாளி அவளைக் கூப்பிடுவார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சிய இடது கையை அவள் தூக்கிக் காட்டுவாள். "கவனம் இல்லேன்னா இப்படித்தான்" என்று அவர் வாய் கூசாமல் சொல்வார்.

அழுத்தும் இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேல்பாரம் இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. செய்தவன் புத்திசாலி. முதலாளி அவனைவிடப் புத்திசாலி. இடது பொத்தான் எப்போதும் அழுந்தியபடியே நிற்க ஒரு மரத்துண்டைச் செருக வைத்தார். வலது கை பொத்தானில், இடது கை தகட்டில், வேலை பறந்தது. சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும், இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அந்தத் துண்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அவள் விரல்கள் போனபோது ஆஸ்பத்திரிக்குப் பழப்பையோடு வந்த முதலாளி, தங்கைக்கும் வேலை தருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "யாருக்கு வரும் இந்த மனசு? நீதான் கொஞ்சம் பாத்து செஞ்சிருக்கணும்" என்றாள். பெற்றவளே அப்படிச் சொன்னதுதான் அவளுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது.

நேற்றுவரை மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த தங்கையை இன்று அதே இயந்திரத்தில் உட்கார்த்தியிருந்தார்கள். பார்த்ததும் அவள் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். எண்ணெய் ஏறிக் கறுத்த அதே துண்டு அதே இடத்தில் இருந்தது. பிடுங்கினாள்.

"என்னக்கா பண்றே? எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் தங்கை.

"பாக்கட்டும். நீ எந்திரிடி."

புதிதாக வந்த இரண்டு பெண்களுடன் முதலாளி உள்ளே வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் இடது கையைத் தூக்கினாள். மிஞ்சிய இரண்டு விரல்களுக்கிடையே மரத்துண்டு இருந்தது.

"என் கை போனது கவனம் இல்லாம இல்ல. இதனாலதான். இத வைக்கச் சொன்னது இவரு."

முதலாளிக்கு முகம் கறுத்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"அக்காவும் தங்கச்சியும் வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்றவர், பிட்டர் பக்கம் திரும்பினார். "வேற ஒண்ணு வெட்டு."

தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். தங்கைக்குப் பத்து விரலும் இருந்தன. அது போதும் என்று நினைத்தவள், ரம்பச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

புதிதாக வந்தவர்களில் ஒருத்தி, வந்தவுடன் வேலை கிடைத்த சந்தோஷத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கை எழுந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.