வாசலில் வேப்பிலை

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சித்ரலேகாவின் இரு கன்னங்களிலும் கறுப்பாக மங்கு படர்ந்தது. தம்பி சுந்தருக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அதுவே அவளுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. சுந்தருக்கு இருக்கிற ஒரே அக்கா அவள். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடிப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டர் அமிலம் தடவி மேல்தோலை உரித்து மங்கைக் குறைக்கிறார் என்று கேள்விப்பட்டாள். கணவன் குமரகுருபரனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. முகத்தை முதலில் தயார் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். இரவில் ஒரு களிம்பு, பகலில் குடை, மஞ்சள் அறவே கூடாது. களிம்பு ஒத்துக்கொள்ளாமல் முகம் சிவந்தது. அது ஆறக் காத்திருந்ததில் நாள் தள்ளிப்போனது. கல்யாணம் முடியட்டுமே என்று டாக்டரே சொல்லிப் பார்த்தார். இவள்தான் விடவில்லை.

அமிலம் தடவிய பிறகு முகம் கறுத்து வறண்டு, வாயோரத்தில் தொடங்கி உரிய ஆரம்பித்தது. பிய்க்கக் கூடாது, அடுப்புச் சூடு படக் கூடாது. அரிப்பு வரும்போதெல்லாம் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையல் குமரகுருபரன் கைக்குப் போனது. கடுகு வெடிக்கும் என்று பயந்து அவன் தாளிக்கவே இல்லை.

அதுதான் வினையாயிற்று. பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் கிணற்றடியில் இவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டாள். இந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனையும் வரவில்லை. அம்மை போட்ட வீட்டில்தானே தாளிக்க மாட்டார்கள்! மறுநாள் காலை வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. கீழே ஒரு செம்பில் இளநீர் இருந்தது.

நல்லதாகப் போயிற்று, இனி யாரும் வந்து முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று குமரகுருபரன் சிரித்தான். சித்ரலேகாவும் வாயைத் திறக்கவில்லை. நாள்தோறும் வந்த இளநீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கழுவித் திருப்பி வைத்தாள்.

கல்யாணம் நெருங்கியபோது பேட்டையிலிருந்து அப்பா வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் படியேறாமல் தெருவிலேயே நின்றுவிட்டார். வள்ளியூரில் பெண் வீட்டுக்குச் செய்தி எட்டிவிட்டதாம், பயப்படுகிறார்களாம். அம்மை போட்டவள் மணவறைக்கு வருவது முறையில்லை, சித்தப்பா மகள் முடிச்சுப் போடட்டும் என்றார்.

சித்ரலேகா வாசலுக்கே வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏட்டி, மூஞ்சில எவளாவது ஆசிட்டைத் தடவிக்கிடுவாளா?" என்றார் அப்பா. "கல்யாணத்துக்கு வரணும்ங்கிறதுக்காக இப்படியா பொய் சொல்லுதது?"

குமரகுருபரன் சாட்சி சொன்னதும் எடுபடவில்லை. தலைக்குத் தண்ணீர் விட்டு அம்மை இறங்கிவிட்டது என்றால் வா, இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பா பஸ்ஸுக்கு நடந்தார். தலைக்கு விடுவது வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர். மஞ்சளோ கூடவே கூடாது. சித்ரலேகாவால் அழக்கூட முடியவில்லை. கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

கொல்லைப்புறமாகப் போய்ப் பார்வதியம்மாளிடம் உண்மையையும் அப்பா சொல்லிவிட்டுப் போனதையும் சொன்னாள்.

பார்வதியம்மாள் கிட்டே வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாட்டி. உனக்காக வேண்டிக்கிட்டுத் தினமும் கோயிலைச் சுத்திட்டு வாரேன்."

சித்ரலேகா தலையைக் குனிந்துகொண்டாள். வராத அம்மைக்குத் தண்ணீர் விடுவது தெய்வக் குற்றம் ஆகாதா என்று மெல்லக் கேட்டாள்.

"சும்மா இருந்த அம்மனை வாசல் வரைக்கும் கூப்பிட்டாச்சு. மரியாதையா வழியனுப்பத்தான் தண்ணி. பிறகு யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு."

கட்டிய வேப்பிலையைப் பார்வதியம்மாளே அவிழ்த்தாள். வெயிலில் காய்ந்த மஞ்சள் தண்ணீரைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து, சித்ரலேகாவின் தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியோரத்தில் இடது உள்ளங்கையை அணையாக வைத்துக்கொண்டு பைய ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட முகத்தில் இறங்கவில்லை.

வள்ளியூரில் மணவறை ஏறும்போதும் சித்ரலேகாவின் முகம் பாதிதான் உரிந்திருந்தது. உரிந்த இடத்திலும் மங்கு மங்காகவே இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. சுந்தர் முதல் முடிச்சைப் போட்டான். இவள் குனிந்ததும் வீடியோ விளக்கு முகத்துக்கு நேரே வந்து சுட்டது.

"விளக்கைப் பைய இறக்கும் வே," என்று பக்கத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "அம்மை இறங்குன முகம். பிள்ளைக்குச் சூடு ஆகாது."

விளக்கு தாழ்ந்தது. இல்லப்பா என்று சொல்ல வாயெடுத்தவள், கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டாள். முகத்துக்கு இதமாக இருந்தது. இரண்டாவது முடிச்சை இறுக்கிவிட்டு மூன்றாவதைப் போட்டாள்.