பார்ப்பதற்கு மிச்சமில்லாமல்

எனிட் பூத்ராய்டின் கீழ்த்தளப் படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. தலைமுடி ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். யார்க்ஷரில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை, நடுச்சுவர் பொது. ஆகவே அந்த விரிசலின் பின்பக்கம் எனக்குச் சொந்தம்.

எனிட் நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருப்பவள். விரிசல் கண்டால் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லிவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று எழுதிவிட்டால் ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் குடியிருப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அங்க ஜன்னலத் திறக்க முடியாது, வில்ஃப். மூச்சு விடணும்னாகூட மனு போடணும். நான் செத்தா இங்கதான் சாவேன்" என்றாள்.

எங்கள் நகராட்சிக் கட்டட அலுவலகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நன்றாகப் பார்த்தேன் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. மற்ற ஊர்களில் வாய்க்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இங்கே பதவிப்படி பங்கிட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் 'கூர்ந்து' மட்டும் பார்க்கலாம். பதவி உயர்ந்தால் 'நுணுக்கமாக'. அதற்கும் மேலே 'துருவித் துருவி'. ஒருமுறை கீழ்நிலை ஊழியர் ஒருவர் அவசரத்தில் 'நுணுக்கமாக' என்று எழுதிவிட்டார். சாக்கடைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு சொல். பார்ப்பதற்கு மிச்சமில்லாமல் பார்ப்பது என்று அதற்குப் பொருள். அது அலுவலகத் தலைவர் கிராப்ட்ரீ ஒருவருக்குத்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அடுத்து வருகிறவர் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. முன்னால் வந்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். அது மரியாதை இல்லை. அதனால் அவர் இன்னும் அதிகமாகப் பார்ப்பார்.

முதலில் டெரிக் ஹோல்ராய்ட் வந்தான். கூர்ந்து பார்த்தான். எவ்வளவு கிட்டத்தில் என்றால், அவன் மூக்கு உரசியே கதவகலத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூக்கும் சற்றுத் தேய்ந்தது. விரிசல் இருக்கிறது, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டு, எனிட் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அடுத்து மிஸ் லம்ப். நுணுக்கமாகப் பார்ப்பவர். செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்து, முற்றத்தில் அடுக்கினார்.

"நான் ஒண்ணும் இடைஞ்சலா இல்லையே, கண்ணு?" என்று தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே எனிட் கேட்டாள்.

"சேச்சே. நீங்க கொஞ்சம் எழுந்தீங்கன்னா அந்த நாற்காலிக்குக் கீழயும் பாத்துடுவேன்."

அன்று சாயங்காலம் நான் குளியல் தொட்டியில் கிடக்கும்போது நடுச்சுவரின் கடைசிக் கல்லும் போயிற்று. அந்தப் பக்கம் எனிட் காலுறை தைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கியா, எனிட்?" என்றேன். வேறென்ன சொல்வது?

"தண்ணி ஆறிடப் போவுது, வில்ஃப்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

துருவித் துருவிப் பார்ப்பவரும் வந்தார். பெயர் கேட்கவில்லை. அதற்குள் எங்கள் இருவருக்குமே அலுத்துவிட்டது. கூரை ஓடு, தரைப்பலகை, மாடிப்படி எல்லாம் போயின. எனிட் கோட்டைக் கழற்றாமலே தூங்கப் பழகினாள். தூக்கம் என்று அதைச் சொல்வதும் தப்பு. விடிந்தால் யாராவது கதவைத் தட்டுவார்களே என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். பலமுறை துவைத்த துணிபோல முகம் வெளுத்துவிட்டது.

"போதும், வராதீங்கன்னு சொல்லித் தொலையேன்" என்றேன்.

"வீடு தேடி வந்தவங்கள எப்படிப் போகச் சொல்றது? பாவம், அவங்களும் கால் கடுக்க நிக்கறாங்க."

கடைசியாக, ஒரு மழை நாளில், கிராப்ட்ரீயே வந்தார். அவர் அவசரப்படுகிறவர் இல்லை. புகைபோக்கியைப் பார்த்தார், அது போயிற்று. மிச்சமிருந்த மூன்று சுவர்களைப் பார்த்தார். வாசற்கதவைப் பார்த்தார், அதன் தாழ்ப்பாளைப் பார்த்தார், தாழ்ப்பாளின் ஆணியைப் பார்த்தார். அடுக்கிவைத்த செங்கற்களைப் பொடியாகும்வரை பார்த்தார். பொடியை மழை கொண்டுபோயிற்று. பிறகு சுற்றுமுற்றும் திரும்பினார். எனிட்டும் அவள் நாற்காலியும் பாக்கி.

"விரிசல் எங்கம்மா?"

"இங்கதான் இருந்துச்சுங்க" என்று எனிட் காற்றைக் காட்டினாள்.

கிராப்ட்ரீ அந்தக் காற்றையும் பார்த்தார். பிறகு காகிதம் நனையாமல் குனிந்து எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

"பார்ப்பதற்கு மிச்சமில்லாமல் பார்த்தேன். விரிசல் இல்லை. சுவரில் ஈரம் இல்லை. கூரையில் ஒழுகல் இல்லை. குடியிருக்கத் தகுதியானது."

எனிட் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நான் இங்கயே இருக்கலாமா?"

"தாராளமா. இவ்வளவு குறை இல்லாத வீட்ட என் சர்வீஸ்ல பாத்ததே இல்லம்மா."

"மறுபடி பாக்க யாரும் வர மாட்டாங்களே?"

"எனக்கு மேல வார்த்தையே கிடையாது" என்றார் கிராப்ட்ரீ. அவர் குரலிலும் களைப்பு இருந்தது. உட்காரலாமா என்று பார்த்தார், உட்கார ஒன்றுமில்லை. தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்.

எனிட் நாற்காலியை இழுத்துப் படுக்கையறை இருந்த இடத்தில் போட்டாள். குடையை விரித்தாள்.

"இந்தப் பக்கம் வந்துடு, எனிட். அடுப்பு எரியுது" என்றேன்.

"நல்லா இருக்கற வீட்ட விட்டுட்டு உன் வீட்டுக்கு எதுக்குய்யா வரணும்? போய் வேலையப் பாரு."

சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, அப்படி ஒரு தூக்கம். கைப்பிடி தளர்ந்து குடை சரிந்தது. நான் என் வீட்டுக்குள் நின்றபடியே கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டேன். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். எழுப்ப மனம் வரவில்லை.