ஏசா ப்ரூயிட்டின் வாக்கு

எங்கள் கென்டக்கியில் வாக்கை வாயால்தான் சொல்ல வேண்டும். நீதிமன்றக் கூடத்தில் ஷெரிஃப் கேட்பார், வந்தவன் தன் ஆளைச் சத்தமாகச் சொல்வான், எழுத்தர் பதிவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் எழுந்து அவனுக்கு நன்றி சொல்லி, வீடு வாசல் விசாரிக்க வேண்டும். விசாரிக்கத் தெரியாதவனுக்கு இங்கே அரசியல் கிடையாது.

1826 ஆகஸ்டில் நான் மாநில செனட்டுக்கு நின்றேன். அதற்கு முன் ஆறு வருடம் இதே கூடத்தில் நீதிபதி. அதற்கும் முன் இரண்டு தடவை சட்டசபை. சட்டசபைக்கு என்னை அனுப்பியவர் கர்னல் கிளேபோர்ன். அவருடைய குத்தகைக்காரர்கள் வரிசையாக வந்து என் பெயரைச் சொன்னார்கள். நான் நீதிபதியான பிறகு அவருடைய நில வழக்கு என்னிடமே வந்தது. விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. எதிராளி எல்லை மரத்தைக் காட்டினான், இரண்டு சாட்சிகளை நிறுத்தினான். கர்னலிடம் ஒரு காகிதம் மட்டும் இருந்தது. அதை நம்பினேன் என்று தீர்ப்பில் எழுதினேன். நம்பவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. எதிராளியின் முகம்கூட மனதில் நிற்கவில்லை.

தேர்தலின் மூன்றாம் நாள் மாலை எனக்கும் தோல் வியாபாரி மெர்சருக்கும் சரிசமமாக முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு.

"கதவச் சாத்திரலாமா?" என்றார் எழுத்தர்.

"இருய்யா. கர்னலோட ஆளு ஒருத்தன் வர்றான்," என்றார் ஷெரிஃப்.

"ஓட்டுக்கு ஊத்தற விஸ்கிப் பீப்பாய் காலியானப்புறம் வர்றான் பாரு, பாவி," என்று வெளியே யாரோ சிரித்தார்கள்.

வந்தவர் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். பின்னாலேயே கர்னல் வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"பேரு?"

"ஏசா ப்ரூயிட்."

"யாருக்கு?"

"ஹார்டெஸ்டிக்கு."

"வெளியில இருக்கறவனுக்கும் கேக்கணும்ப்பா."

"ஜட்ஜ் ஹார்டெஸ்டிக்கு."

கர்னலின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். நான் எழுந்தேன். வாய் பழக்கத்தில் பேசியது.

"ரொம்ப நன்றி, மிஸ்டர் ப்ரூயிட். உங்கள மாதிரி சொந்த நிலத்துல பாடுபடறவங்கதான் இந்த ஊருக்கே பலம். இந்த வருஷம் சோளம் எப்படி?"

கூச்சல் நின்றது. ப்ரூயிட் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார்.

"நிலத்தத்தான் கர்னலுக்குக் குடுத்துட்டீங்களே ஐயா. இப்ப அதையே குத்தகைக்கு உழுறேன். சோளம் நல்லாத்தான் இருக்கு."

எனக்குக் காது வரை சுட்டது.

"அப்புறம் எதுக்கு எனக்கு..." என்று ஆரம்பித்தேன். அதைவிட மடத்தனமான கேள்வியை நான் கேட்டதில்லை.

அவர் திரும்பிக் கதவைப் பார்க்கவில்லை. "வீட்ல நாலு பிள்ளைங்க ஐயா," என்றார்.

மெர்சர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இந்த வாக்கையுமா எடுத்துக்கப் போறீரு, ஹார்டெஸ்டி? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லும். எழுத்தர் பேனாவ வெச்சிருவாரு."

எழுத்தர் பேனாவை மைக்கூட்டுக்கு மேலே நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் ஆறு வருடம் என் தீர்ப்புகளை எழுதியவர். நான் என்ன சொல்வேன் என்று தெரியாமல் அவர் காத்திருந்தார். அதுவே எனக்குப் பெரிய மரியாதை. நானும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், எனக்குள்ளிருந்து வேறு எவனாவது பேசுவானா என்று.

"எழுதுங்க," என்றேன்.

பிறகு வழக்கப்படி ப்ரூயிட்டிடம் கையை நீட்டினேன். கர்னல் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரூயிட் கை கொடுத்தார்.