மழையை ஷன் பண்ண ஏலாது

கேதீஸ்வரிக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் எரிச்சல்தான் வந்தது. வெள்ளைக்காரர் அறிக்கை எழுதினால் எழுதட்டும், ஒரு சொல்லோடு நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? கணவன்மாரைக் காணாமல் தேடும் பெண்களைப் பற்றிய அறிக்கை அது. ஒரு பக்கத்தில் ஊரார் அவர்களை ‘எவொய்ட்’ (avoid) பண்ணுகிறார்கள் என்றிருந்தது. அடுத்த பக்கத்தில் ‘ஷன்’ (shun) பண்ணுகிறார்கள் என்றிருந்தது. அகராதியோ இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னது: தவிர், விலக்கு, ஒதுக்கு.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு டவுனில் முளைத்த தொண்டு நிறுவனங்களில் ஒன்றில் அவள் மொழிபெயர்ப்பாளர். யுத்தம் முடிந்ததும் நிறுவனம் வீடு கட்டுவதை விட்டுவிட்டு, காணாமல் போனவர்களின் குடும்பங்கள் பக்கம் திரும்பியது. அந்தக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அவள் கணவன் உதயரூபன் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போனவன். பாதை பூட்டுப்பட்டது, சண்டை முடிந்தது, அவன் வரவில்லை. செத்துப்போனான் என்று சொல்லவும் ஆளில்லை, உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை.

பக்கத்து மேசை லொறெய்ன் வீட்டில் இங்கிலிஷ் பேசி வளர்ந்த பறங்கிப் பெண். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேதீஸ்வரி அவளிடம் கேட்டாள்.

“றோட்டுல பள்ளம் கிடந்தா சைக்கிள வெட்டி எடுக்கிறாய்தானே? அது எவொய்ட். பள்ளத்தோட உனக்கொரு கோவமுமில்ல, உன்ட பாட்டப் பாக்கிறாய். ஷன் எண்டா அப்பிடியில்ல, ஒரு ஆள வேணுமெண்டே தள்ளி வைக்கிறது. மழைய எவொய்ட் பண்ணலாம், கேதீஸ். மழைய ஷன் பண்ண ஏலாது.”

“அப்ப நீங்க கல்லடிப் பக்கமே போறதில்லயே அக்கா, அது?”

லொறெய்னின் கணவன் கொன்ராட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது கல்லடியில்தான். கேட்டபிறகு கேதீஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். லொறெய்ன் கோபிக்கவில்லை.

“அது எவொய்ட்தான். கல்லடிப் பாலத்தத் தாண்டினா அவன் கண்ணுக்குள்ள வந்து நிப்பான். மத்தப்படி கல்லடி எனக்கு என்ன செஞ்சது, பாவம்.”

சொல்லின் பொருள் விளங்கியதும் கேதீஸ்வரிக்குத் தன் ஊர் விளங்கியது போலிருந்தது. குருக்கள்மடத்தில் கலியாணம் சொல்ல வருகிற பெண்கள் குங்குமத் தட்டோடு வருவார்கள். வீட்டுக்காரிக்குப் பொட்டு வைத்துச் சொல்வார்கள். புருஷனில்லாதவள் என்றால் வாயால் மட்டும் சொல்வார்கள். கேதீஸ்வரிக்கு எந்த முறை? தெரியாதபடியால் தட்டு அவளுடைய படலையைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தை மாதம் கலியாணம் வதனிக்கு. உதயரூபனின் கூடப்பிறந்த தங்கை. மச்சாள், மச்சாள் என்று இந்த வீட்டிலேயே கிடந்தவள்.

அவர்கள் கலியாணம் சொல்ல வரும் நாளில் முற்றத்தைக் கூட்டி, படலையைத் திறந்து வைத்து, நல்ல சேலை உடுத்துக் காத்திருந்தாள். உதயரூபனின் தாயான மாமி இலட்சுமிப்பிள்ளையும் உறவுப் பெண்களும் தட்டோடு ஒழுங்கைக்குள் வந்தார்கள். இந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். பிறகு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். மாமி குனிந்த தலை நிமிரவில்லை.

சந்தேகமே இல்லை, இது ஷன்தான். கோபம் பற்றி எரிந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கோபம் நல்ல துணையாகவும் இருந்தது. சமைக்கும்போது கூட நின்றது, தனியே சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தது. வேண்டுமென்றே ஒருத்தியைத் தள்ளி வைக்கிறார்கள் என்றால், அதற்காகவாவது அவளை நினைக்கிறார்கள் அல்லவா?

கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் முந்தி, ஒரு பின்னேரம் மாமி தனியாக வந்தாள். கையில் தட்டு இல்லை. இருக்கச் சொல்லியும் இருக்காமல், வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வழி மாறி வந்துட்டீங்களோ மாமி? சனம் கண்டா என்ன சொல்லும்?” என்றாள் கேதீஸ்வரி குத்தலாக.

“சனத்துக்குப் பயந்து நான் வராம இருக்கல்ல மனே.” மாமியின் குரல் உடைந்தது. “உன்ட நெத்தியில அந்தப் பொட்டக் கண்டா, என்ட புள்ள வந்திருவான் எண்டு மனசு அடிச்சிக்கிது. பிறகு எந்த லொறிச் சத்தம் கேட்டாலும் எழும்பி ஓடுறன். அவன் போயிற்றான் எண்டு நினைச்சாத்தான் மனே எனக்குச் சோறு இறங்குது.”

மாமி கேதீஸ்வரியை ஒதுக்கவில்லை, பள்ளத்தைக் கண்டு விலகியிருக்கிறாள், அவ்வளவுதான். கோபிக்கக்கூட இப்போது ஆளில்லை என்று நினைக்க அழுகை வந்தது.

“கலியாணத்துக்கு வா மனே. வதனி உன்னத்தான் கேட்டுக் கேட்டு அழுறாள்,” என்றாள் மாமி, அப்போதும் வேலியைப் பார்த்தபடி.

பொட்டை அழித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் உதயரூபனைத் தன் வாயாலேயே கொன்றதாகிவிடும். அவள் விழுங்கிக்கொண்டாள்.

“எனக்கு அண்டைக்கு ஒபீஸ் மாமி. லீவு தரமாட்டாங்க.”

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஒபீஸ் இல்லை என்பது மாமிக்கும் நன்றாகத் தெரியும்.

“ஓம் மனே. வேலையெண்டா என்ன செய்யிற,” என்றாள் மாமி. முகத்தில் வந்த நிம்மதியை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. விறுவிறென்று போய்விட்டாள்.

ஞாயிறு காலை மேளச் சத்தம் கேட்கத் தொடங்குமுன்பே கேதீஸ்வரி வேலைக்கு உடுக்கும் சேலையை உடுத்து, பொட்டு வைத்து, ஒழுங்கைச் சனம் பார்க்க நடந்துபோய் டவுன் பஸ்ஸில் ஏறினாள். ஒபீஸ் கேற்றில் பூட்டுத் தொங்கியது. வெளிப்படியில் குந்தியிருந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டாள். வழக்கமாக வேலை விடுகிற நேரம் வரும்வரை அங்கேயே இருந்தாள்.